பத்தாம் நம்பர் ஸ்பேனர்

பிப்ரவரி 9

தம்பிக்கு,

உறவு கொண்டாட இதை எழுதவில்லை. யார்டு விஷயமாக எழுதுகிறேன். போன் செய்தால் நீ எடுப்பதில்லை. உன் பழைய கூட்டாளியைக் கெஞ்சிக் கூத்தாடி இந்த முகவரியை வாங்கினேன். கிழித்துப் போடுவதாக இருந்தாலும் படித்துவிட்டுக் கிழி.

உன் அண்ணன் போன பிறகு யார்டை இழுத்து மூடச் சொல்லாதவர்கள் இல்லை. தவணை கட்டாத வண்டிகளைப் பிடித்து வந்து, ஏலம் போகும்வரை காவல் காப்பது ஒரு பெண் செய்கிற தொழிலா என்று என் அப்பாவே கேட்டார். வேறு என்ன செய்யட்டும் என்று திருப்பிக் கேட்டேன். யார்டை மூடவில்லை. ஆபீசில் அவர் நாற்காலியில் இப்போது நான் உட்காருகிறேன். ஒரு கால் ஆடுகிறது, அதை அவர் எப்படிச் சமாளித்தார் என்று தெரியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நீ ஏற்பாடு செய்த சாவிப் பலகையில் ஒரு சாவியும் அதற்குரிய வண்டிக்குச் சேரவில்லை. லாரி நிற்கும் இடத்து ஆணியில் ஸ்கூட்டர் சாவி தொங்குகிறது. போன வாரம் கார் ஒன்றை ஏலத்தில் எடுத்தவர், “என்னம்மா, வீடு வரைக்கும் தள்ளிக்கிட்டே போகணுமா?” என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்ப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

மார்ச் கடைசியில் ஃபைனான்ஸ் கம்பெனி அதிகாரி வந்து யார்டின் பாதுகாப்பைச் சோதிக்கப் போகிறார். சரியில்லை என்றால் வண்டிகளையெல்லாம் வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்களாம். அப்புறம் இங்கே நானும் மேனேஜரும்தான் மிஞ்சுவோம். (மேனேஜர் நன்றாக இருக்கிறான். முன்பு ஆபீஸ் மேசைக்கு அடியில் நாள் முழுதும் தூங்கிய நாய், நீ போனதிலிருந்து கேட்டுக்குப் பக்கத்தில் படுக்கிறது. பொறுப்பு வந்துவிட்டதோ என்னவோ.)

இன்னொன்று. சுவரில் டூல்ஸ் மாட்டும் இடத்தில் பத்தாம் நம்பர் ஸ்பேனர் இல்லை. பேட்டரி ஒயர் கழற்ற, பிடியில் பச்சை நூல் சுற்றி உன் அண்ணன் வைத்திருந்தாரே, அது. ஞாபகத்துக்கு எடுத்துப் போனாயா? எடுத்தது தப்பில்லை. ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எடுத்திருக்கலாம்.

சித்தப்பா எப்போது வருவார் என்று பாப்பா கேட்கிறாள். நான் பதில் சொல்வதில்லை.

இப்படிக்கு,
அண்ணி


பிப்ரவரி 20

அண்ணிக்கு வணக்கம்.

கடிதம் கிடைத்தது. துறைமுகத்துக் கிடங்கு ஒன்றில் காவல் வேலையில் இருக்கிறேன். கேட்டுக்கு உள்ளே போன் கொண்டுபோக அனுமதி இல்லை. வெளியே வரும்போது எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

சாவிப் பலகையில் இடப்பக்கத்திலிருந்து எண்ணாதீர்கள். எழுதியிருக்கும் நம்பரையும் பார்க்காதீர்கள். வலது ஓரத்து ஆணிதான் முதல் வண்டி, அங்கிருந்து எண்ணிக்கொண்டே வாருங்கள். திருட வருகிறவன் அவசரத்தில் எழுதியதை நம்பி எடுப்பான், வண்டி திறக்காது. அண்ணனுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தால் போதும் என்று நினைத்தேன். உங்களுக்குச் சொல்லாதது என் தவறு.

சோதனைக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது சுவரையும் விளக்கையும். பின்பக்கச் சுவரை ஒட்டி எந்த வண்டியையும் நிறுத்தாதீர்கள், அதுவே ஏறி வருகிறவனுக்குப் படிக்கட்டு. விலை கூடின வண்டிகளை உள்ளே தள்ளி நிறுத்தி, முன்னால் ஓடாத வண்டிகளை அடைப்பு வையுங்கள். ஆபீஸ் ஜன்னல் கம்பியில் ஒன்று கையோடு வரும், அதைப் பற்றவைக்கச் சொல்லுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், புதிதாக எந்த வண்டி உள்ளே வந்தாலும் அன்றைக்கே பேட்டரி ஒயரைக் கழற்ற வேண்டும். சொந்தக்காரர்களிடம் எப்போதும் இன்னொரு சாவி இருக்கும். ஒயர் இல்லாவிட்டால் சாவி இருந்தும் வண்டி கிளம்பாது. கழற்றிய முனையில் கறுப்பு டேப் சுற்றி, டேப்பின் நுனியைச் சின்னதாக உள்ளே மடித்துவிடுங்கள். மடித்தால்தான் மறுபடி பிரிக்கும்போது நகம் ஒடியாமல் வரும். நான் அப்படித்தான் செய்வேன்.

ஸ்பேனரை நான் எடுக்கவில்லை. என்னிடம் கட்டிங் பிளேயர் இருந்தது, அதை வைத்தே எல்லாவற்றையும் செய்தேன். அண்ணன் அதற்காகத் திட்டுவார்.

கேட்டை நீங்கள் தனியாகத் திறக்காதீர்கள். யார் வந்து எப்படி அழுதாலும், வண்டிக்குள் விட்டுப்போன சாமான்களைக் கேட்டுக்கு வெளியே வைத்துக் கொடுங்கள். இதைச் சொன்னால் கோபம் வரும் என்று தெரியும். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பாப்பாவுக்கு என் அன்பு.


மார்ச் 3

தம்பிக்கு,

சாவிகள் பொருந்திவிட்டன. ஜன்னல் கம்பியைப் பற்றவைத்தாயிற்று. அதற்கு நன்றி.

கேட்டைப் பற்றி எழுதியிருக்கிறாய். எழுதாமல் இருக்க முடியவில்லை என்றால் எனக்கும் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. அன்றைக்கு நீ வேறொரு வண்டியைப் பிடிக்கப் போயிருந்தாய். நடந்ததை என்னிடம் நீ ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. இப்போது கேள்.

பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப் போகும் வேனை நீ காலையில் பிடித்து வந்திருந்தாயே, அந்த வேன்காரர் சாயங்காலம் வந்தார். கொட்டுகிற மழை. குடை இல்லை. வேனுக்குள் பிள்ளைகளின் தண்ணீர் பாட்டில், பை, வரைந்து ஒட்டிய படங்கள் எல்லாம் இருக்கின்றன, எடுத்துக்கொள்கிறேன் என்றார். வழக்கப்படி நானே எடுத்து வந்து கேட்டுக்கு வெளியே கொடுத்திருக்க வேண்டும். “உள்ள வந்து நீங்களே எடுத்துக்கங்க, நனையாதீங்க” என்று கேட்டைத் திறந்துவிட்டேன். எவ்வளவு நல்ல மனம் பார் எனக்கு. அவர் ஏறி உட்கார்ந்தார், இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார், வண்டி கிளம்பிவிட்டது. நான் பக்கத்திலேயே ஓடினேன். நிறுத்துங்க, நிறுத்துங்க என்று கதவுக் கண்ணாடியை உள்ளங்கையால் அறைந்தேன். உன் அண்ணன் சத்தம் கேட்டு ஓடிப்போய்க் கேட்டைச் சாத்தப் பார்த்தார். சேற்றில் வேன் வழுக்கியது. கேட்டுக்கும் வேனுக்கும் நடுவில் அவர் இருந்தார்.

அதே வேனில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வேன்காரர் அழுதுகொண்டே ஓட்டினார். உன் அண்ணன் தலை என் மடியில் இருந்தது. அதற்கு மேல் எழுத என்னால் ஆகாது.

துக்கம் கேட்க வந்த அத்தனை பேர் முன்னால் நீ சொன்னாய்: “அண்ணியோட இரக்கம்தான் எங்கண்ணனைக் கொன்னுடுச்சு.” பாப்பா என் பக்கத்தில் நின்றாள். அதன் பிறகு அவள் என்னிடம் அதைப் பற்றி ஒன்றும் கேட்டதில்லை. கேட்காமல் என்னைப் பார்ப்பாள், அதுதான் தாங்கவில்லை.

நீயும் ஒன்று தெரிந்துகொள். கேட்டைத் திறந்தது நான்தான். ஆனால் அந்த வேன் எப்படிக் கிளம்பியது? உள்ளே வந்த வண்டிக்கு அன்றைக்கே ஒயரைக் கழற்றுவது யார் வேலை? இந்தக் கேள்வி துக்க வீட்டிலேயே என் நாக்கு நுனிக்கு வந்தது. கேட்கவில்லை. போலீசும் கேட்கவில்லை, நானாகச் சொல்லவும் இல்லை. பெருந்தன்மை என்று நினைத்துவிடாதே. என்றைக்காவது உன்மேல் எறிய ஒரு கல் கையில் இருக்கட்டும் என்று வைத்திருந்தேன். இன்றைக்கு எறிந்துவிட்டேன்.

அண்ணி


மார்ச் 19

தம்பிக்கு,

பதில் இல்லை. நானும் எதிர்பார்க்கவில்லை என்று எழுதினால் பொய்.

சோதனை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போயிருக்கிறது. அந்த வேனைப் போலீசார் விடுவித்துவிட்டார்கள். கம்பெனி அதை எங்கே கொண்டுபோய் விடும்? நம் யார்டுக்குத்தான். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். ஒரு வண்டிக்கு அடம்பிடித்தால் எல்லா வண்டிகளையும் எடுத்துக்கொள்வதாகச் சாடையாகச் சொன்னார்கள்.

வந்துவிட்டால் எங்கே நிறுத்துவது? அதையாவது எழுது.

அண்ணி


மார்ச் 28

அண்ணி,

இரண்டு கடிதங்களும் வந்தன. எத்தனையோ முறை எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

நீங்கள் எறிந்த கல்லை நான் முதல் நாளிலிருந்தே சுமந்துகொண்டிருக்கிறேன். ஆஸ்பத்திரி வாசலில் அந்த வேன் நின்றதைப் பார்த்ததுமே என் மனதில் வந்தது அதுதான். இது எப்படி ஓடியது? ஒயரைக் கழற்றினேனா இல்லையா? எவ்வளவு யோசித்தும் எனக்கு நினைவு வரவில்லை, அண்ணி. தினமும் செய்கிற வேலை. எந்த வண்டிக்குச் செய்தேன், எதை விட்டேன் என்று கை தனியாகக் கணக்கு வைத்துக்கொள்வதில்லை.

அந்த வேனை உள்ளே ஓட்டி வந்து நிறுத்தியவன் நான்தான். அன்று காலையில் வெயில் கொளுத்தியது. வேன் கண்ணாடிகள் எல்லாம் இறங்கியிருந்தன, அப்படியே விட்டுவிட்டு இறங்கினேன். அது நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் அண்ணன் பார்த்துவிட்டு, “மழை வந்தா சீட்டெல்லாம் ஊறிடும்டா, அறிவிருக்கா?” என்றார். பிடித்து வந்த வண்டிக்கு எதற்கு இவ்வளவு உபசாரம் என்று நான் சிரித்தேன். “நம்ம கையில இருக்கிற வரைக்கும் அது அவங்க வண்டிடா” என்றார். அவர் அப்படித்தான், உங்களுக்குத் தெரியாததா. இதெல்லாம் நினைவிருக்கிறது. சீட்டுக்கு அடியில் குனிந்து ஒயரைக் கழற்றியது மட்டும் நினைவில்லை.

துக்க வீட்டில் நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். கேட்கப் போகிறீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் கேட்பதற்கு முன்னால் நான் கத்திவிட்டேன். அதுதான் உண்மை. கேவலமான உண்மை.

இப்போது சொல்லுங்கள், நான் போலீசுக்கு எழுதட்டுமா, கம்பெனிக்கு எழுதட்டுமா? ஒயரைக் கழற்றாமல் விட்டவன் நான் என்று எழுதிக் கொடுக்கிறேன். இந்தப் பாரம் எங்காவது இறங்கினால் போதும்.

வேனைக் கேட்டிலிருந்து தள்ளி, உங்கள் நாற்காலியிலிருந்து தெரியாத மூலையில் நிறுத்தச் சொல்லுங்கள்.


ஏப்ரல் 6

தம்பி,

யாருக்கும் எதையும் எழுதிக் கொடுக்காதே. முதலில் இந்தக் கடிதத்தை முழுக்கப் படி. உட்கார்ந்து படி.

வேன் போன திங்கள்கிழமை வந்தது. கண்ணில் படாத ஒரு மூலையில் நிறுத்தச் சொல்லிவிட்டு நான் ஆபீசுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மேனேஜர் மட்டும் போய் அதன் சக்கரத்தை மோந்து பார்த்துவிட்டு வாலைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். மூன்று நாள் அந்தப் பக்கமே நான் போகவில்லை. உன் கடிதம் அப்போதுதான் வந்தது. படித்தேன். கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. உன்னை நினைத்தால் பாவமாக இருந்தது. அது எனக்கே பிடிக்கவில்லை.

நேற்று மத்தியானம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. புதிதாகச் சேர்ந்திருக்கும் காவலாளி, மீசைக்காரர், என்னிடம் ஓடி வந்தார். “அம்மா, காலையில வந்த கார்ல கண்ணாடி இறங்கிக் கிடக்கு. ஒயரைக் கழட்டிட்டேன், இப்ப ஏத்த முடியல. மறுபடி பேட்டரியக் குடுத்தாத்தான் ஏறும். குடுக்கட்டுமா?”

நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் முகம் எப்படி இருந்ததோ, மனுஷர் பயந்துவிட்டார்.

தம்பி, நீ வேனை விட்டபோது கண்ணாடி இறங்கியிருந்தது என்று எழுதியிருக்கிறாய். நான் ஓடிப்போய் அறைந்தபோது கண்ணாடி ஏறியிருந்தது. என் உள்ளங்கை அதை இன்றும் மறக்கவில்லை. அப்படியென்றால் நடுவில் யாரோ கண்ணாடியை ஏற்றியிருக்கிறார்கள். மழை வரப்போகிறதே என்று, பிடித்து வந்த வண்டியின் சீட் நனையக் கூடாதே என்று கவலைப்படுகிற ஆள் நம் யார்டில் ஒருவர்தான் இருந்தார்.

வேனிடம் போனேன். மீசைக்காரரைச் சீட்டைத் தூக்கச் சொன்னேன். பேட்டரிக்குப் பக்கத்தில் பத்தாம் நம்பர் ஸ்பேனர் கிடந்தது. பச்சை நூல் சுற்றியது. இத்தனை நாளும் போலீஸ் ஸ்டேஷன் வெயிலில் அந்தச் சீட்டுக்கு அடியில் கிடந்திருக்கிறது. அதன் பிடியில் ஒரு கறுப்பு டேப் துண்டு ஒட்டியிருந்தது. பிரித்ததைக் கீழே போட மனமில்லாமல், மறுபடி சுற்ற வேண்டுமே என்று ஒட்டி வைத்திருக்கிறார்.

டேப்பின் நுனி உள்ளே மடித்திருந்தது.

படித்தாயா? நீ ஒயரைக் கழற்றியிருக்கிறாய். டேப் சுற்றியிருக்கிறாய். மடித்தும் விட்டிருக்கிறாய். உன் வேலையை நீ ஒழுங்காகத்தான் செய்திருக்கிறாய்.

அதன் பிறகு எனக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. அன்று மத்தியானம் அவர் யார்டில் குனிந்து ஏதோ செய்துகொண்டிருந்தார். நான் ஆபீஸ் வாசலில் நின்று, “சாப்பாடு ஆறிப்போகுது, வாங்க” என்று கத்தினேன். கையில் கறுப்பு மசியோடு வந்தார். “ஒரு வேலை பாதியில நிக்குது” என்றார். “அது எங்கேயும் ஓடிப்போகாது, சாப்பிடுங்க” என்றேன். இப்படிச் சொன்னவள் நான். சாப்பிட்டு முடிப்பதற்குள் வண்டிகளுக்கு விலை போடுகிறவர் வந்துவிட்டார். அவரோடு பேசிக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடியை ஏற்றியிருந்தார், ஒயரை மறுபடி கழற்றவில்லை.

இரவெல்லாம் அழுதேன். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாத அழுகை. ஒருவர் சீட் நனையக் கூடாது என்று நினைத்தார், ஒருத்தி சாப்பாடு ஆறக் கூடாது என்று நினைத்தாள், வந்தவன் நனையக் கூடாது என்றும் அவளேதான் நினைத்தாள். இதில் எதற்கு யாரைத் திட்டுவது?

பாப்பாவை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டைத் திறந்தது நான் என்பதையும் விடாமல் சொன்னேன். அவள் ஸ்பேனரை வாங்கிப் பார்த்தாள். “அப்பா மறந்துட்டாராம்மா?” என்றாள். “மறக்கல, நான் கூப்பிட்டேன், வந்தார்” என்றேன். ரொம்ப நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நீ திரும்பி வா. ஆனால் ஒன்று. நீ அன்று பத்துப் பேர் முன்னால் சொன்னதை, அதே பத்துப் பேர் முன்னால் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். கடிதத்தில் எழுதினால் எனக்குப் போதாது. எனக்காகக்கூட இல்லை, பாப்பா கேட்க வேண்டும். அது உன்னால் முடியாதென்றால் துறைமுகத்திலேயே இரு, நான் குறை சொல்ல மாட்டேன்.

உன் அண்ணி


ஏப்ரல் 14

அண்ணி,

கிடங்குச் சுவரோரம் உட்கார்ந்து படித்தேன். கூட வேலை செய்கிறவர், யார் செத்தது என்று கேட்டார். அண்ணன் என்றேன். எப்போது என்றார். இப்போதுதான் என்று சொல்லிவிட்டேன். அது பொய் இல்லை. இத்தனை மாதமும் நான் கழற்றினேனா இல்லையா என்று என்னைப் பற்றியேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவருக்காக அழுதது இன்றைக்குத்தான்.

வேன்காரரை என்னால் மன்னிக்க முடியவில்லை. அதை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

வருகிறேன். எத்தனை பேர் முன்னால் வேண்டுமானாலும் சொல்கிறேன். பாப்பாவை முன்னால் நிற்க வையுங்கள். மாத முடிவில் இங்கே விடுவிப்பார்கள், அன்றே கிளம்புகிறேன்.

அந்த டேப்பை எறிந்துவிடாதீர்கள்.


ஏப்ரல் 23

தம்பி,

உன் கடிதம் கிடைத்தது. டேப் ஸ்பேனரோடுதான் இருக்கிறது. சுவரில் அதன் இடத்திலேயே மாட்டியிருக்கிறேன்.

வேன்காரரின் மனைவி வந்தார். கேட்டுக்கு வெளியே நின்றார், என் முகத்தைப் பார்க்கவில்லை. பிள்ளைகளின் தண்ணீர் பாட்டில்களையும் படங்களையும் பையில் போட்டு நானே எடுத்துப் போய்க் கொடுத்தேன். வெளியே வைத்துத்தான் கொடுத்தேன். மன்னித்தேனா என்று எனக்கும் தெரியவில்லை, அதனால் உன்னிடம் கேட்க மாட்டேன். ஆனால் சாமான் அவர்களுடையது.

அதிகாரி நேற்று வந்து சுவர், விளக்கு, சாவிப் பலகை எல்லாம் பார்த்தார். பலகையில் மட்டும் அவரும் ஏமாந்தார். எனக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு சிரிப்பு வந்தது. “எல்லாம் சரிம்மா. பாதுகாப்புக்குப் பொறுப்பு யாரு? அந்த இடம் காலியா இருக்கே” என்றார். என் கொழுந்தன் என்றேன். எழுதிக்கொண்டு போய்விட்டார். இனி நீ வராவிட்டால் நான் பொய் சொன்னவளாகிவிடுவேன்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் மேகம் கட்டியது. உள்ளே ஒரு காரின் கண்ணாடிகள் இறங்கியிருந்தன. யாருடையது என்று தெரியாது, எப்படிப்பட்டவர் என்றும் தெரியாது. மீசைக்காரரிடம் முதலில் கேட்டைப் பூட்டச் சொன்னேன். சங்கிலியை நானே இழுத்துப் பார்த்தேன். பிறகு பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்துப் போய்ப் பேட்டரிக்கு ஒயரைக் கொடுத்து, நாலு கண்ணாடிகளையும் ஏற்றினேன். முதல் துளி விழும்போது பாப்பா ஆபீஸ் வாசலிலிருந்து, “அம்மா, சாப்பிட வா” என்று கூப்பிட்டாள்.

“இரு, இதை முடிச்சிட்டு வரேன்” என்றேன்.

நனைந்துகொண்டே ஒயரைக் கழற்றினேன். டேப் சுற்றி, நுனியை மடித்துவிட்டேன். அதற்கு அப்புறம்தான் சாப்பிடப் போனேன்.

உன் அண்ணி